சேவல் இட்ட முட்டை

‘வடக்கே ஒரு வீடு’ – அத்தியாயம் 11

வீட்டை விட்டுப் போன ஹென்னா மேல் தப்பா, போக விட்ட இலாரி மேல் தப்பா என்று வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் இடம் வேண்டாம். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள், ஏழு வயது சைமி. அவளைப் பற்றி யாருமே ஒரு வரி எழுதவில்லை. இந்த வாரம் நான் அவள் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஹென்னா நர்ஸ். கோடை முடிந்ததும் நார்வேயின் வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். ஐந்து வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே, கெமியில். அக்டோபரில் வந்தபோது, “மூணு பேருமா அங்கேயே போயிடலாம்” என்றாள். கெமி பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் இலாரி டிப்போவை விட்டு நகர்கிற ஆள் இல்லை. “போறவ போ” என்று சொல்லிவிட்டான். அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சைமியின் கம்பளிக் காலுறை பற்றியும் பல் டாக்டர் பற்றியும் போனில் செய்தி மட்டும் போகும், வரும்.

ஆனால் ஹென்னாவின் குரல் மட்டும் அந்த வீட்டுக்குள் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு சைமியின் போன் அடிக்கும். அம்மா இருக்கும் இடத்தில் அப்போது ஏழுதான். ஒரே கதைப் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றைத் தன்னோடு எடுத்துப் போயிருந்தாள் ஹென்னா. அங்கிருந்து அவள் படிப்பாள். இங்கே சைமி படுக்கையில் புத்தகத்தை விரித்துப் படம் பார்ப்பாள். அம்மா “திருப்பு” என்று சொன்னதும் இவள் பக்கத்தைத் திருப்புவாள்.

வெள்ளிக்கிழமை காலை. நவம்பர் மாதத்தில் எங்கள் ஊரில் காலை என்பது பெயருக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு.

சாப்பாட்டு மேஜையில் சைமியின் முதல் வகுப்புப் புத்தகம் கிடந்தது. அட்டையில் சிவப்புக் கொண்டையோடு ஒரு சேவல். எங்கள் ஊர்ப் பழைய வழக்கம் இது: பிள்ளை அன்றைய பக்கத்தைப் படித்து முடித்தால், தூங்கின பிறகு அந்தச் சேவல் புத்தகத்துக்குள் மிட்டாய் முட்டை இடும். சேவல் எப்படி முட்டையிடும் என்று கேட்கிற பிள்ளைக்கு மிட்டாய் கிடையாது. இப்போது பாதி வீடுகளில் இதை மறந்துவிட்டார்கள். இலாரி மறக்கவில்லை. அவனுக்குப் பாடம் சொல்லித்தரத் தெரியாது. மிட்டாய் வைக்கத் தெரியும்.

“சேவல் ஏதாவது போட்டிருக்கா பாரு, குட்டி.”

சைமி புத்தகத்தைத் திறந்தாள். நடுவில் தங்கக் காகிதம் சுற்றிய ஒரு கேரமல்.

“போட்டிருக்கு. ஆனா தப்பா போட்டிருக்கு.”

“என்ன தப்பு?”

“நான்தான் நேத்து படிக்கலையே. படிக்காதவங்களுக்குப் போடக் கூடாது. இந்தச் சேவலுக்குச் சட்டமே தெரியல.”

எழுந்துபோய் குளிர்பெட்டியைத் திறந்தாள். காலி முட்டை அட்டை ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மிட்டாய். இன்றைக்கு வந்ததற்குக் குழி இல்லை. இரண்டு மிட்டாய்க்கு நடுவில் செருகிவைத்தாள்.

“எடுத்துத்தான் சாப்பிடேன். சேவலுக்கு என்ன தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே” என்றாள் சைமி.

இலாரி கஞ்சியைக் கிளறிக்கொண்டே நின்றான். மிட்டாய்க்கு ஆசைப்படாத குழந்தையை வைத்துக்கொண்டு எந்த அப்பாவால் என்ன செய்ய முடியும்? ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தபோது பாதி எழுத்து சொன்னவள். இப்போது எதைக் காட்டினாலும் “தெரியல” என்கிறாள். போன மாதம் ஒருநாள் அவன் பொறுமை போய் மேஜையைத் தட்டிவிட்டான். அவள் அழவில்லை. புத்தகத்தை மூடி, சேவலின் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துவைத்தாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம் என்று அவனுக்குப் பட்டது.

சைமி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூடம் பக்கம்தான், தனியாகத்தான் போவாள். இருட்டில் வண்டிக்காரர்கள் கண்ணில் படுவதற்காகக் கோட்டில் தொங்கும் மின்னும் வில்லை தெருவிளக்கில் ஆடி ஆடிப் போவதை, திருப்பத்தில் மறையும் வரை அவன் வாசலில் நின்று பார்த்தான். உள்ளே வந்தால் வீட்டில் குளிர்பெட்டியின் சத்தம் மட்டும் இருந்தது.

மதியம் டிப்போவில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வகுப்புக்குள் நுழைந்தான். கட்டை விரல் பக்கம் ஓட்டை. மார்யுத் டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி, “உக்காருங்க இலாரி” என்றாள். உட்காரக் கிடைத்தது ஏழு வயதுக்காரர்களின் நாற்காலி. முட்டி தாடையைத் தொட்டது.

“நேரா விஷயத்துக்கு வர்றேன். நாங்க யாரையும் அவசரப்படுத்துறதில்ல. ஒரு பிள்ளை மெதுவா வரும், ஒண்ணு வேகமா வரும். ஆனா சைமி மெதுவா வரல. பின்னால போறா. ஆகஸ்ட்ல தெரிஞ்ச எழுத்து இப்போ தெரியலைங்கறா. கணக்குல இவதான் முதல். புத்தகத்தைத் திறந்தா வாய் மூடிக்குது.”

“உடம்புல ஏதாவது...”

“கண்ணு, காது எல்லாம் பாத்தாச்சு. நல்லா இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துல ஒரு சின்ன வகுப்பு இருக்கு. படிக்கக் கஷ்டப்படற பிள்ளைங்களுக்கு. ரொம்ப நல்ல வகுப்பு. அங்க ஒரு இடம் காலியா இருக்கு. திங்கட்கிழமை நான் சொல்லணும்.”

“அப்போ தூலி?”

தூலி சைமியின் ஒரே சிநேகிதி. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் கோட்டை மாட்டுகிறவர்கள்.

“தூலி இங்கதான் இருப்பா” என்றாள் மார்யுத். “இன்னொண்ணு. அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒத்துக்கணும்.”

ரெண்டு பேரும் என்றதும் இலாரி ஓட்டைக் காலுறையைப் பார்க்க ஆரம்பித்தான்.

“வீட்டுல எப்படிப் படிக்க வைக்கிறீங்க?”

“பக்கத்துல உக்காந்து கேப்பேன். இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து, இதைச் சேத்தா என்ன...”

“பஸ்ஸுக்கு எஃப்.சி. பாக்குற மாதிரி” என்று சிரித்தாள் மார்யுத். இலாரிக்குக் காது சிவந்தது. “தப்பா எடுத்துக்காதீங்க. எல்லா அப்பாவும் இதைத்தான் செய்யறாங்க. ரெண்டு நாள் கேள்வியே கேக்காதீங்க. விளையாட்டா ஏதாவது செய்யுங்க. அவளுக்குப் பிடிச்சது எதையாவது ஒளிச்சு வைங்க. எங்க இருக்குன்னு சீட்டு எழுதுங்க. அசை அசையா, நடுவுல கோடு போட்டு எழுதுங்க. எழுதி வெச்சுட்டு அங்கேருந்து போயிடுங்க.”

“போயிடறதா?”

“ஆமா. பிள்ளைங்க எழுத்தோட கொஞ்சம் தனியா இருக்கணும். நாம பக்கத்துல மூச்சு விட்டுட்டே நின்னா அது பரீட்சை ஆயிடும். பரீட்சையில யாருக்குச் சந்தோஷம் வரும், சொல்லுங்க?”

வரும் வழியில் இலாரி கடைக்குப் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாக்லேட் முட்டை வாங்கினான். இதற்கெல்லாம் கேரமல் போதாது என்று பட்டது.

எங்கே ஒளித்துவைப்பது? பூட்ஸுக்குள் வைத்தால் காலை விட்டதும் தெரிந்துவிடும். தலையணைக்கு அடியிலும் அப்படித்தான். படித்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாத இடமாக இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சௌனா என்கிற நீராவிக் குளியல் அறைக்குள் தலையை நீட்டினான். வாரம் முழுக்க யாரும் போகாத இடம். உட்கார்ந்து வியர்க்கும் மேல் பலகையின் மூலையில் முட்டையை வைத்தான். அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை என்று அவனுக்கு ஒரே பெருமை.

பிறகு உட்கார்ந்து சீட்டு எழுதினான். டிப்போவில் எழுதும் கையெழுத்து குழந்தைக்குப் புரியாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வரைந்தான்.

‘இன்-று முட்-டை பெ-ரி-து. சௌ-னா-வில் மேல் ப-ல-கை. இப்-ப-டிக்-குச் சே-வல்.’

சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினான். வெற்றிகரமாக ஒரு காரியத்தை முடித்த மனிதன் நடக்கிற மாதிரி நடந்து, நடைவழியில் இருந்த சுவிட்சைத் திருப்பினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சௌனாவின் கல்லடுப்பைப் போடுவதற்கு எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். தலை அந்த வேலையில் கலந்துகொள்ளாது.

சைமி வந்தாள். கோட்டைக் கழற்றினாள். தூலியின் பூனைக்குக் காலில் கட்டு என்று சொன்னாள்.

“வீட்டுப்பாடம் இருந்தா பாரு. நான் உருளைக்கிழங்கு உரிக்கப்போறேன்” என்று இலாரி சமையலறைக்குப் போய்விட்டான். டீச்சர் சொன்னபடி மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழங்கு, இரண்டு கிழங்கு. பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தான். புத்தகம் மூடியிருந்தது. சைமி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏதாவது இருந்துச்சா?”

“ஒரு சீட்டு. என்னமோ எழுதியிருக்கு.”

“என்னன்னு பாக்கலையா?”

“தெரியல” என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். இலாரிக்குள் ஏதோ அடங்கிப்போயிற்று. குழந்தை மேல் கோபம்கூட வரவில்லை. ஹென்னா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நினைத்தான். அவளைக் கேட்கலாம். போன் மேஜைமேல்தான் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்துவதற்கு அவனுக்கு வீம்பு விடவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம், அவளுக்குச் செய்தி அனுப்பினால் அவளும் போடுவாள், குழந்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகட்டும் என்று முடிவுசெய்து, கிழங்கை மீன் சூப்பில் போட்டான்.

சைமி நடைவழிக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

“அப்பா, இன்னிக்கு வெள்ளியா?”

“வெள்ளிதான்.”

“அப்போ சௌனா உண்டா?”

“இல்லாம? போட்டுட்டேனே, அப்பவே.”

அவள் முகம் மாறியது. “எப்பவே?”

“நீ வர்றதுக்கு முன்னாடி. ஏன் குட்டி?”

“அப்பா, அணை!” என்று கத்தினாள் சைமி. “அணை! உருகிடும்! மேல் பலகையில வெச்சுட்டு அடுப்பையும் போட்டா உருகிடாதா? இது என்ன முட்டாள் சேவல்!”

கத்தி முடித்த பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இலாரியின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

இரண்டு பேரும் ஓடினார்கள். சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்தால் சூடு முகத்தில் அடித்தது. கூடவே சாக்லேட் வாசனை. முட்டை இருந்த இடத்தில் தங்கக் காகிதம் தட்டையாகப் படுத்திருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பழுப்பு நிறம் கீழ்ப் பலகைக்கும் அங்கிருந்து தரைக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தப் பிறவி சௌனாவில் சாக்லேட் வைத்திருக்கும்? இலாரிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினான். சைமி சிரிக்கவில்லை.

துணி மாற்றும் அறையின் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தான். கதவிடுக்கு வழியாகச் சூடு வந்துகொண்டிருந்தது.

“சைமி, உனக்குப் படிக்கத் தெரியுமா?”

தலை மட்டும் ஆடியது.

“எவ்வளவு நாளா?”

“இலை உதிர்ற லீவுலேருந்து. பால் டப்பாவுல இருக்கறதைப் பாத்துட்டே இருந்தேன். திடீர்னு அது ‘பால்’னு சொல்லிடுச்சு. நான் ஒண்ணுமே செய்யலப்பா. அதுவே சொல்லிடுச்சு. அப்புறம் எல்லாமே சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. கடைப் பலகை, பஸ், மருந்து பாட்டில். நிறுத்தவே முடியல. கண்ணை மூடினாத்தான் நிக்குது.”

இலை உதிர்கிற விடுமுறை முடிந்து இத்தனை நாள். இத்தனை நாளும் ஊரெல்லாம் அவளோடு பேசியிருக்கிறது. அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வயது ஏழு என்பதை இன்னொரு தடவை நினைவுபடுத்திவிடுகிறேன்.

“தூலிக்குத் தெரியுமா?”

“ம்ஹும்.”

“ஏன் கண்ணு? இது எவ்வளவு சந்தோஷமான விஷயம்! ஏன் சொல்லல?”

சைமி காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அம்மா நிறுத்திடுவா.”

“எதை?”

“கதையை. பஸ் ஸ்டாண்டுல, முதல்முறை அம்மா போனப்ப, நான் அழுதேன்ல? அப்போ சொன்னா. ‘நீயா படிக்கக் கத்துக்கற வரைக்கும் தினமும் ராத்திரி அம்மா உனக்குப் படிச்சுக் காட்டுவேன்’னு. அது வரைக்கும்தான். அதுக்கப்புறம் இல்ல.”

இலாரியும் அன்று அங்கேதான் நின்றான். அந்த வார்த்தை அவன் காதிலும் விழுந்தது. அழுகிற குழந்தையைத் தேற்றுவதற்காக ஒரு தாய் சொன்ன ஆறுதல் என்று விட்டுவிட்டான். சைமி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். எழுத்து தெரிந்தால் அம்மா குரல் போய்விடும். எனவே எழுத்து தெரியாது. அவ்வளவு சுலபமான கணக்கு. கணக்கில் அவள்தான் முதல் என்று டீச்சர் சொன்னாளே.

“அம்மா நிறுத்த மாட்டா, குட்டி.”

“உனக்கு எப்படித் தெரியும்?” சைமி முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நீதான் அம்மாகூடப் பேசறதே இல்லையே.”

உண்மைதானே. அந்த வீட்டில் ஹென்னாவைப் பற்றி வாக்குக் கொடுக்க அவனுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். சைமி சொன்ன பயம் அவனுக்குள்ளும் எழுந்தது. ஹென்னா கதையை நிறுத்திவிட்டால் அவனுக்கும் அந்தக் குரல் இல்லை. தினமும் எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறையில் நின்று, அறைக் கதவு வழியாக வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவன்தான். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

இருக்க முடியாது. பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை குழந்தையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். டீச்சரிடம் உண்மையைச் சொன்னால் அது அன்றைக்கே ஹென்னாவுக்கும் போய்விடும். இரண்டையும் சைமியிடம் மறைக்காமல் சொன்னான்.

“தூலி வர மாட்டாளா அங்க?”

“மாட்டா.”

அவள் கதவிடுக்கைப் பார்த்தாள். சாக்லேட் சொட்டும் சத்தம் நின்றுவிட்டது.

“நீ அம்மாகிட்ட சொல்லாதே. நானே யோசிச்சுக்கறேன்” என்றாள். எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். “உன் எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. சேவல்னா அப்படித்தான் எழுதணுமா?”

“அப்போ யாருன்னு தெரியுமா உனக்கு?”

“சௌனாவுல சாக்லேட் வைக்கிற சேவல் இந்த வீட்டுல ஒண்ணுதான் இருக்கு.”

எட்டு மணிக்கு போன் அடித்தது.

இலாரி பாத்திரத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டான். சைமியின் அறைக் கதவு வழக்கம்போல் கொஞ்சம் திறந்திருந்தது. போன் தலையணைமேல்.

“செல்லம், புத்தகம் எடுத்துட்டியா?” ஹென்னாவின் குரல் கரகரத்தது. “அம்மாவுக்குத் தொண்டை கட்டிருக்கு. இங்க எல்லாருக்கும் இருமல். மெதுவா படிக்கிறேன், சரியா?”

குழாய் நின்றது.

குளிர்காலம் முழுக்கத் தூங்க இடம் தேடி அலையும் ஒரு முள்ளெலியின் கதை. ஹென்னா ஒரு பக்கம் படித்தாள். “திருப்பு” என்றாள். அடுத்த பக்கத்தில் பாதியில் இருமல் வந்தது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி இருமல்.

“முள்ளெலி... முள்ளெலி கடைசி வீட்டுக் கதவைத் தட்டியது...” குரல் காற்றாகப் போயிற்று. “முடியல தங்கம். மன்னிச்சுக்கோ. இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம். நாளைக்கு...”

“வேண்டாம்” என்றாள் சைமி.

“தொண்டையே வரலடா...”

“நிறுத்தாதம்மா. வெக்காதே போனை.”

இலாரி ஈரக் கையோடு அப்படியே நின்றான். அந்தப் பக்கம் இருமல். இந்தப் பக்கம் புத்தகம் மடியில் உரசும் சத்தம். பிறகு, எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு சைமி படித்தாள்.

“உள்-ளே... உள்-ளே யா-ரும் பே-ச-வில்-லை. முள்-ளெ-லி காத்-தி-ருந்-தது. பனி அதன் முள்-மேல் விழுந்-தது.”

போனில் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. சைமி பயந்துபோய் இன்னும் வேகமாகப் படித்தாள். வேகத்தில் தடுக்கி விழுந்து, அதே வார்த்தைக்குத் திரும்பிப் போய், அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“அப்-போ-து க-தவு கொஞ்-சம் திறந்-தது. ‘இவ்-வளவு நே-ரம் எங்-கே போ-யி-ருந்-தாய்?’ என்-றது ஒரு கு-ரல். அம்மா, நீ இருக்கியா?”

“இருக்கேன்.”

“போயிடலையே?”

“போகலடா.” ஹென்னா அழுதுகொண்டிருந்தாள் என்பது சமையலறை வரை தெரிந்தது. “எப்போ கத்துக்கிட்டே? என் தங்கமே, எப்போ?”

“ரொம்ப நாளாச்சு. நீ சொன்னதுனால மறைச்சு வெச்சிருந்தேன். கத்துக்கற வரைக்கும்னு நீதானே சொன்னே?” சைமி மூச்சு வாங்கினாள். “இனிமே ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். தொண்டை சரியில்லேன்னா ரெண்டும் நான். ஆனா நீ போன் பண்ணணும். சரியா?”

“பண்ணுவேன். நீ கல்லூரி போனாலும் பண்ணுவேன். வேண்டாம்னு நீ சொல்ற வரைக்கும் பண்ணுவேன்.”

“நான் சொல்லவே மாட்டேன்” என்றாள் சைமி. பிறகு, சட்டப்படி எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியதாலோ என்னவோ, “அப்போ குளிர்பெட்டியில இருக்கற மிட்டாய் எல்லாம் இப்போ என்னுது” என்றாள்.

ஹென்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தாள், இருமினாள்.

“சைமி, போனை அப்பாகிட்ட குடு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த வீடு அக்டோபரிலிருந்து காத்திருந்தது. சைமி வெறுங்காலோடு வந்து போனை நீட்டினாள். இலாரி கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். இன்னொரு தடவையும் துடைத்தான். சைமி குளிர்பெட்டியைத் திறந்து முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“இலாரி?”

“ம்.”

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.” சைமியைப் பற்றிக் கேட்பாள், டீச்சரைப் பற்றிக் கேட்பாள் என்று அவன் பதிலை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“தினமும் நான் கதை ஆரம்பிக்கறப்ப பின்னால குழாய்ச் சத்தம் நின்னுடும். முடிச்ச உடனே மறுபடி வரும். ஒருநாள்கூட மாறல. நீயும் கேட்டுட்டு இருந்தியா?”

தொட்டியில் தட்டுகள் அப்படியே கிடந்தன. ஒன்றின்மேல் சோப்பு நுரை காய்ந்திருந்தது. இலாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“முள்ளெலி உள்ள போச்சா, இல்லையா?” என்று கேட்டான். “அதைச் சொல்லாம விட்டுட்டீங்க ரெண்டு பேரும்.”

அந்தப் பக்கம் ஒரு தடவை இருமல் கேட்டது.

“திங்கட்கிழமை இங்க ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணும் இலாரி” என்றாள் ஹென்னா, இருக்கிற கொஞ்சக் குரலில். “நிரந்தர வேலை. மூணு வருஷம் அசைய முடியாது. போட்டுடலாம்னுதான் இருந்தேன், இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும். நீ என்ன சொல்றே?”

அறைக்குள்ளிருந்து கேரமல் காகிதம் பிரிக்கும் சத்தம் வந்தது. இலாரி குழாயைத் திறக்காமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.